பெயர் வெட்டிய டிபன் கேரியர்

“உங்க வீட்ல இதுக்கு முன்னாடி யாராச்சும் ஒரு ஆபீசருக்கு கிஃப்ட் குடுத்திருக்காங்களா? அப்புறம் உனக்கு மட்டும் எப்படிம்மா தெரியும்?”

எங்கள் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கும் அக்கா, மதியச் சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் கேட்க இப்படிச் சொன்னார். குரோம்பேட்டையிலிருந்து வருகிறவர். அவர் அப்பா, மாமனார், கணவர் எல்லோருமே ஆபீஸ் உத்தியோகம். கேலியாகச் சொன்னாரா, அக்கறையாகச் சொன்னாரா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. பாதிச் சாதத்தோடு டப்பாவை மூடிவிட்டேன்.

தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். முதல் ஆறு மாதம் தற்காலிகம். பிறகு எங்கள் செக்‌ஷன் ஆபீசரான மேடம் எழுதும் ரிப்போர்ட்டைப் பார்த்து மேனேஜர் நிரந்தரம் செய்வார், இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அந்த ஆறு மாதத்துக்குள் அம்மா மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டாள். நான் அடிக்கடி லீவு போட்டேன். என்னை நிறுத்திவிடலாம் என்று மேனேஜர் சொன்னபோது மேடம்தான், “வந்த நாள்ல அவ வேலையில ஒரு குறை சொல்லுங்க சார், நிறுத்திடலாம்” என்று மறித்திருக்கிறார். டீ கொண்டுபோன ஆயா வந்து என்னிடம் சொன்னது இது.

அந்த மேடத்துக்கு இப்போது கோயமுத்தூர் கிளைக்கு மாற்றல். சனிக்கிழமை கடைசி நாள். போவதற்குள் என் ரிப்போர்ட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்.

ஆபீசில் எல்லோரும் சேர்ந்து சுவர்க் கடிகாரம் கொடுப்பதாக முடிவானது. நானும் சேர்ந்தேன். ஆனால் மேடம் எல்லோருக்குமாக மேனேஜரிடம் பேசவில்லையே, எனக்காகத்தானே பேசினார்? தனியாக ஏதாவது கொடுக்காமல் அவரை ரயிலேற்றிவிட்டால் நான் நன்றி கெட்டவள்.

மாடம்பாக்கத்தில் எங்கள் நிலமெல்லாம் மனைகளாகிப் போன பிறகு அப்பா மணல், ஜல்லி வியாபாரம் செய்கிறார். அவரிடம் யோசனை கேட்டேன்.

“ரெண்டு கோழி புடிச்சி, கால கட்டி எட்துனு போ. அந்தக் காலத்துல தாசில்தாருக்கே அதான் குட்த்தோம்.”

“ஆபீஸ்ல கோழிய எங்கப்பா வெப்பாங்க?”

“டேபிளுக்கு அடியில எடமா இல்ல?”

அக்காவின் கேள்விக்கு எங்கள் வீட்டிலும் பதில் இருந்தது. ஆனால் அதைப் போய் அவரிடம் சொல்ல முடியாது.

மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் வேலை விட்டதும் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஃபேன்சி ஸ்டோரில் கண்ணாடிக்குள் நிற்கும் ஜோடி பொம்மை, பிளாஸ்டிக் ரோஜா, ஓடுகிற குதிரைப் படம். எதைப் பார்த்தாலும் அக்கா பக்கத்தில் நின்று உதட்டைச் சுழிப்பது போலவே இருந்தது. புடவை எடுக்க பயம். மேடம் கட்டுகிற புடவைகளின் பெயர்கூட எனக்குத் தெரியாது. வெறுங்கையோடு பஸ் ஏறினேன். ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கத் தெரியாதவளுக்கு பி.காம். எதற்கு என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அப்புறம்தான் மேடத்தின் டிபன் கேரியர் ஞாபகத்துக்கு வந்தது. அதன் கொக்கி உடைந்துபோய், தினமும் பெரிய ரப்பர் பேண்டு ஒன்றைச் சுற்றிக்கொண்டு வருவார். எவர்சில்வரில் மூன்றடுக்கு கேரியர் வாங்குவது என்று முடிவு செய்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அது சரியான முடிவுதான் என்பேன்.

உடம்பு தேறியிருந்த அம்மாவையும் பாத்திரக் கடைக்கு அழைத்துப்போனேன். கொக்கியைப் பத்துத் தரம் போட்டுப் போட்டுப் பார்த்து அவள்தான் பொறுக்கினாள். “பேரு வெட்டணுமா?” என்று கடைக்காரர் கேட்டார்.

“வெட்டாம? பேரு இல்லாம குட்த்தா எவ குட்த்தான்னு இன்னா தெரியும்?” என்றாள் அம்மா.

எனக்கும் அதில் சந்தேகமே வரவில்லை. கல்யாணமோ, காதுகுத்தோ, கிரகப்பிரவேசமோ, எங்கள் பக்கத்தில் பெயர் வெட்டாத பாத்திரம் யார் கைக்கும் போகாது. எங்கள் வீட்டு அலமாரி முழுக்க சித்தப்பா, பெரியப்பா, மாமா பெயர்கள். ஒரு பெண்ணின் பெயரை அதில் நான் பார்த்ததில்லை. கடைக்காரர் நீட்டிய காகிதத்தில் ‘அன்பளிப்பு’ என்று எழுதி, கீழே என் பெயர், இனிஷியல், அதற்குப் பக்கத்தில் பி.காம். என்று எழுதிக் கொடுத்தேன். மெஷின் கிர்ரென்று ஓடியது. எழுதப் படிக்கத் தெரியாத அம்மா, “இதுல எது உன் பேரு, காட்டு” என்று கேட்டு, அந்த இடத்தை முந்தானையால் துடைத்தாள்.

மறுநாள் அக்காவிடம் பெருமையாகத்தான் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“பேர் வெட்டிட்டியா? ஏம்மா, இது என்ன கல்யாண வீடா? உன் ரிப்போர்ட் இன்னும் மேடம் டேபிள்லதான் இருக்கு. லஞ்சத்துல யாராவது பேரும் டிகிரியும் போட்டுக் குடுப்பாங்களா?”

“லஞ்சம் இல்லக்கா. தேங்க்ஸ்.”

“அது உனக்குத் தெரியும். மேனேஜருக்குத் தெரியுமா? தீபாவளிக்கு காண்ட்ராக்டர் குடுத்த ஸ்வீட் பாக்ஸையே மேடம் வாசலோட திருப்பி அனுப்பினாங்க. கேரியரைப் பார்த்தா உன்னையும் சேர்த்து அனுப்புவாங்க.”

அன்றைக்கு நான் தப்பும் தவறுமாக அடித்த தாள்களெல்லாம் குப்பைக்குப் போயின. ரிப்போர்ட் போகும் முன்னால் கொடுத்தால் வேலையை விலைக்கு வாங்கியவள். பின்னால் கொடுக்க மேடம் இருக்க மாட்டார். கொடுக்காமல் விட்டால் நன்றி கெட்டவள். வேலை கிடைத்தாலும், ‘பாத்திரம் குடுத்து வாங்கினா’ என்று ஒரே ஒரு ஆள் சொன்னால் போதும், நான் படித்த படிப்பெல்லாம் அதில் போய்விடும்.

மாலையில் கேரியரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். “பேர் வெட்டினத எவன்மா வாங்குவான்?” என்றார் கடைக்காரர். பெயரை அழித்தாவது தரச் சொன்னேன். “தேய்ச்சா தழும்பு நிக்கும். கட்டின வூட்ட இடிக்கச் சொல்ற மாதிரி பேசறியே!”

வீட்டில் உப்புத்தாள் இருந்தது. கிணற்றடியில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தேன். பி.காம். முதலில் மங்கியது. பெயர் போகவில்லை. சுற்றிலும் பளபளப்பு செத்து, சாம்பல் பூசியது போல ஆகிவிட்டது. அழுதுகொண்டே தேய்த்தேன். சத்தம் கேட்டு அம்மா வந்தாள்.

“இன்னாடி பண்ற? ஐயோ, பேர ஏன்டி அழிக்கிற?”

சொன்னேன். அவளுக்கு ரிப்போர்ட்டும் புரியவில்லை, லஞ்சமும் புரியவில்லை. “அழிக்கிறதுக்கா உன்ன படிக்க வெச்சோம்?” என்று மட்டும் கேட்டுவிட்டு கேரியரைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை காலையில் அதை ஒயர் கூடைக்குள் வைத்து, மேலே துண்டு போட்டு அவளே கொடுத்தாள். ஆபீசில் கூடையை என் டேபிளுக்கு அடியில் தள்ளினேன். கோழிக்கு அப்பா சொன்ன இடம். உட்கார முடியவில்லை. எழுந்து போய் மேடத்தின் கதவைத் தட்டினேன்.

“மேடம், என் ரிப்போர்ட் எப்ப போகும்?”

“ஏன்?”

“அது போனதுக்கு அப்புறம் உங்களுக்கு ஒண்ணு குடுக்கணும். அதுல நீங்க என்ன எழுதியிருந்தாலும் குடுப்பேன்.”

சொல்லி முடித்ததும் தொலைந்தேன் என்றே நினைத்தேன். மேடம் என்னைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார். “வெளியில இரு.”

மதியத்துக்கு மேல்தான் ரிப்போர்ட் கவர் மேனேஜர் அறைக்குப் போனது. கூடையோடு உள்ளே போனேன். மேடம் கேரியரை எடுத்து, கொக்கியைப் போட்டுப் பார்த்து, திருப்பினார். விரல் அந்தத் தழும்பில் நின்றது.

“யார் சுரண்டினது?”

“நான்தான் மேடம்.”

“கவர் இப்பத்தான் போயிருக்கு. இன்னிக்கு இதைத் தூக்கிட்டு நான் படியிறங்கினா, நீ உழைச்ச ஆறு மாசத்தையும் இதுக்குள்ள போட்டு மூடிடுவாங்க. எடுத்துட்டுப் போ.”

கேரியரைக் கூடைக்குள் வைத்தேன். கதவு வரை போய்விட்டேன்.

“ஆர்டர் வரட்டும். வரலைன்னாலும் சரி. அதுக்கப்புறம் கோயமுத்தூருக்குக் கொண்டு வா. பேரை ஒழுங்கா வெட்டிட்டு வா.”

சாயங்காலம் கடிகாரத்தை வாங்கிக்கொண்டு, ரப்பர் பேண்டு சுற்றிய பழைய கேரியரோடு அவர் ஆட்டோ ஏறினார்.

ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆர்டர் இன்னும் வரவில்லை. மேனேஜர் அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் என் விரல்கள் தப்பான எழுத்தில் விழுகின்றன. “என்னம்மா, கேரியர் என்னாச்சு?” என்று அக்கா தினமும் கேட்கிறார்.

தழும்புக்குக் கீழே, முன்னைவிட ஆழமாக என் பெயரை வெட்டித் தந்தார் கடைக்காரர். பி.காம்.மையும் விடவில்லை. நேற்று வேலை விட்டதும் தாம்பரம் ஸ்டேஷனில் ரிசர்வேஷன் வரிசையில் நின்று, ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் சரியென்று, அடுத்த மாதத்துக்கு எனக்கும் அம்மாவுக்கும் கோயமுத்தூர் டிக்கெட் எடுத்துவிட்டேன். கேரியரின் மேலடுக்கில் அது இருக்கிறது.