கல்பிட்டிக் களப்பில் ஒரு தாங்குகோலும் ஆயிரத்துத் தொளாயிரம் மீற்றரும்

இல்லை, தடாகத்தில் எழுபத்தாறு நீளம் நீந்தினால் போதாது. கணக்குச் சரிதான். இருபத்தைந்து மீற்றர், எழுபத்தாறு தடவை, ஆயிரத்துத் தொளாயிரம் மீற்றர். நான் பெயர் கொடுத்திருந்த நீண்டதூர டிரையத்லனில் முதலில் நீந்த வேண்டிய தூரம் அது. சைக்கிளும் ஓட்டமும் அதற்குப் பிறகு. ஆனால் தடாகத்தில் அடி தெரியும். நீலக்கோடு தெரியும். கை சோர்ந்தால் நிற்கலாம்.

எட்டு மாதம் அப்படிப் பழகினேன். பிறகு ஒருநாள் கொழும்புக்குப் பக்கத்தில் கடலில் இறங்கினேன். இருநூறு மீற்றரில் கீழே பார்த்தேன். எதுவும் இல்லை. கூட வந்த கயாக்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கரைக்கு வந்தேன்.

போட்டிக்கு ஐந்து வாரம் இருந்தது. முடியாதவர்கள் எழுநூற்றைம்பது மீற்றர் நீந்தும் குறுந்தூர வகைக்கு மாறிக்கொள்ளலாம். மாறுவதற்குக் கடைசி நேரம் அந்த வார ஞாயிறு பகல் பன்னிரண்டு மணி. அதற்குமுன் அலையில்லாத நீரில் மூன்று காலைகள் வேண்டும் என்று நினைத்தேன். அதனால் கல்பிட்டி; அங்கே கடலிலிருந்து நிலம் பிரித்துவைத்த களப்பு இருக்கிறது. மார்ச் கடைசி வாரம், நோன்புப் பெருநாள் முடிந்து சில நாள்.

வியாழன் காலை 5.45க்குப் புறக்கோட்டையில் புத்தளம் பஸ். சிலாபம் வரை நின்றுகொண்டு போனேன். அங்கே முன்னேஸ்வரம் போகும் ஒரு குடும்பம் இறங்க, இடம் கிடைத்தது. 9.50க்குப் பாலாவிச் சந்தி, ஏறத்தாழ 125 கிலோமீற்றர். உப்பு மூட்டை லொறிகளுக்கு நடுவே நாற்பது நிமிடம் காத்திருந்து கல்பிட்டி பஸ் எடுத்தேன். இன்னுமொரு நாற்பது கிலோமீற்றர். இரண்டு பஸ்ஸுக்கும் சேர்த்து எழுநூறு ரூபாவுக்குள் முடிந்தது. அறை, ஒரு இரவுக்கு 4,500.

அறைக்காரர் சொல்லித் தோணிக்காரர் ரிஸ்வான் நானா வந்தார்; நானா என்றால் இங்கே அண்ணன். முப்பத்தைந்து வயதிருக்கும். களப்பில் மீன் பிடிக்கிறவர். அவருடைய உம்மா வாப்பா தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வந்தவர்கள். அவர் இங்கே பிறந்தவர். ஒரு காலைக்கு 2,500 ரூபா கேட்டார். ஒரு நிபந்தனையும் இருந்தது.

"தனியப் பொம்புளப் புள்ளையோட தோணில போக ஏலா மிஸ். எங்கட வீட்டு ஆளும் வருவா."

வீட்டு ஆள், அவர் மனைவி பரீனா அக்கா. வெள்ளி காலை ஆறு மணிக்குத் தேத்தண்ணீர்ப் பிளாஸ்கோடும் பெருநாளில் மிஞ்சிய பலகாரத்தோடும் தோணியின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தார். என் முழுநீள நீச்சலுடையையும் தொப்பியையும் பார்த்தார்.

"முழுக்க மூடி, எங்கட ஆக்கள் மாதிரியே இரிக்கிறீங்க. இதுக்குப் பரிசு எவ்வளவு?"

"பரிசு இல்லை அக்கா. நாங்கதான் காசு கட்டவேணும்."

"காசு கட்டியா நீந்துற?" கணவர் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? நீங்க ஆயுசு முழுக்கச் சும்மா நனைஞ்சிரிக்கிறீங்க."

முதல் நாள் கரையோரமாகப் போனோம். எனக்கு வலப்பக்கம் மட்டுந்தான் மூச்செடுக்க வரும். அதனால் தோணி வலப்பக்கம். ஒவ்வொரு மூச்சிலும் தெரிந்தவை மூன்று: தோணியின் முன்பக்கம், ரிஸ்வான் நானாவின் கால், தரையில் ஊன்றித் தோணியைத் தள்ளும் தாங்குகோல். களப்பு நீர் கலங்கல். நீட்டிய கையின் விரல் தெரியாது. கோல் இறங்கும், ஏறும். பாதிவரை ஈரமாக இருக்கும்.

ஐம்பத்தெட்டு நிமிடம். 1,900 மீற்றர். போட்டியில் கொடுப்பது எழுபது நிமிடம். மகிழ்ச்சியாக இருந்தது. தோணியை இழுக்க ரிஸ்வான் நானா இறங்கும் வரை. நீர் அவருடைய இடுப்பில் நின்றது.

"இவ்வளவு நேரமும் இதுதானா ஆழம்?"

"ஓம் மிஸ். கூடினா நெஞ்சளவு."

நான் இன்னமும் தடாகத்தில்தான் இருந்தேன்.

சனிக்கிழமை எதிரே இருக்கும், கண்டல் மரங்கள் அடர்ந்த தீவுக்குக் குறுக்காக நீந்தினேன். போக 950 மீற்றர், வர 950. நடுவில் இயந்திரப் படகுகள் போகும் பாதை, இருநூறு மீற்றர் அகலம். அங்கே கோல் எட்டாது. ரிஸ்வான் நானா கோலைத் தோணிக்குள் படுக்க வைத்துவிட்டுத் துடுப்பை எடுத்தார். அதை ஒரு மூச்சில் பார்த்தேன். அடுத்த மூச்சு வரவில்லை. தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன மிஸ், ஏதும் கடிச்சிட்டா?"

"இல்லை. ஆழம்."

பரீனா அக்காவுக்கு விளங்கவில்லை. "ஆழம் எவ்வளவு இருந்தா என்ன? நீங்க மேலாலதானே போறீங்க?"

"நீ எறங்கிப் பாரன்," என்றார் கணவர்.

"எனக்கென்ன விசரா? நான் காசு கட்டல்லியே."

சிரித்தேன். ஆனால் விளிம்பை விடவில்லை. அப்படியே திரும்பினோம். மாலையில் வகையை மாற்றும் படிவத்தைக் கைப்பேசியில் நிரப்பினேன். அனுப்பவில்லை. காலையில் அனுப்பலாம்.

ஞாயிறு காலை இருவரிடமும் சொன்னேன். குறுந்தூரத்துக்கு மாறப்போகிறேன், இன்றைக்குச் சும்மா நீந்தினால் போதும்.

"அப்ப இந்தப் பக்கத்தால தீவுக்குப் போவம்," என்றார் ரிஸ்வான் நானா. "இதுல முழுக்க நெஞ்சளவுதான்."

கோல் இறங்கியது, ஏறியது. பாதிவரை ஈரம். தீவில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பினேன். மொத்தம் அறுபத்தொரு நிமிடம். கரையில் நான் கண்ணாடியைக் கழற்றியபோது பரீனா அக்கா தோளைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

"கை ரெண்டும் விட்டுப் போச்சு."

"ஏன் அக்கா?"

"ஏனா? படகுப் பாதையால போகக்குள்ள இவரு முன்னால நிண்டு நடிக்கிறாரு. ஆர் துடுப்புப் போட்ட?"

"சும்மா இரி," என்றார் அவர்.

நேற்றைய பாதை, நேற்றைய ஆழம். அவர் கோலைப் பாதிவரை இறக்கித் தரையில் ஊன்றுவதுபோல் தள்ளியிருக்கிறார். எனக்குத் தெரியாத பின்பக்கத்தில் பரீனா அக்கா துடுப்புப் போட்டிருக்கிறார். போக ஒரு தடவை, வர ஒரு தடவை.

எனக்குக் கோபம் வந்தது. "எனக்கு ஏதும் நடந்திருந்தா?"

"நடந்தா நான் பாயாம இருப்பனா?" பிறகு ரிஸ்வான் நானா குரலைத் தாழ்த்தினார். "பொய் சொன்னது பிழைதான் தங்கச்சி."

"பிழைதான்," என்றார் பரீனா அக்கா. "மன்னார்க்காரனுக்குக் கடல்ல பயமில்ல, பொய்யிலயும் பயமில்ல. ஆனா நீந்தினது அவரில்லியே."

இதுபோல் பழக வருகிறவர்களுக்குச் சில விடயங்கள். மார்ச், ஏப்ரலில் காலை ஆறே காலுக்கு நீரில் இறங்குங்கள், ஒன்பதரைக்குமேல் காற்று. மே தொடக்கம் பலத்த காற்றுக் காலம், வரவேண்டாம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பிறகு ஜும்மா முடியும்வரை தோணி கிடையாது, சாப்பாட்டுக் கடையும் கஷ்டம். தோணியில்லாமல் இறங்காதீர்கள்: வலைக்கம்புகள் உண்டு, உடம்பில் பட்டால் எரியும் சொறிமுட்டை என்ற ஜெலிமீன் உண்டு. முழுநீள உடுப்பு அதற்கும் நல்லது, ஊருக்கும் நல்லது. தோணிக்காரரிடம் ஆழத்தைக் கேளுங்கள். உண்மையைச் சொல்லவேண்டும் என்றும் முதலே சொல்லிவையுங்கள்.

எனக்குச் செய்ததை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் ஒன்று தெரிந்தது. களப்பில் எனக்குப் பயம் நீரிலிருந்து வரவில்லை. கோலைப் பார்த்து வந்தது. கோல் சொன்னதை உடம்பு நம்பியது. இரண்டு நாளும். அதற்காக அந்த அறுபத்தொரு நிமிடத்தை என் கணக்கில் சேர்க்கவும் முடியாது. போட்டியில் கோல் இருக்காது.

அந்த ஞாயிறு காலை கரையில் பேசி முடித்தபோது மணி 8.10. காற்று இன்னும் எழும்பவில்லை. கோலைக் கரையில் போட்டுவிட்டு வரச்சொன்னேன். படகுப் பாதையின் விளிம்புவரை தோணியில் போய் நானே இறங்கினேன். தோணியை இடப்பக்கம் வரச்சொன்னேன். மூச்செடுக்கும் பக்கத்தில் நீர் மட்டும்.

நடுவில் மூச்சு உடைந்தது. தோணியின் விளிம்பைப் பிடிக்கவில்லை. மல்லாந்து கிடந்து முப்பதுவரை எண்ணினேன்.

"தங்கச்சி, தேத்தண்ணி ஆறுது," என்றார் பரீனா அக்கா.

திரும்பிப் படுத்து நீந்தினேன். இருநூறு மீற்றருக்குப் பதினொரு நிமிடம். வெட்கப்படும் நேரம். திரும்பி வர ஒன்பது.

பத்தே முக்காலுக்கு அறையில் அந்த வகைமாற்றப் படிவத்தை அனுப்பாமல் அழித்தேன். ஈர உடுப்பைப் பையில் போட்டுக்கொண்டு பாலாவி பஸ்ஸுக்கு நடந்தேன்.