பத்து எண்ணும் வரை

சுருளியின் ஜீப்பில் வருஷக்கணக்காக ஏறி இறங்குகிற பெண்களுக்கே அவன் குரல் சரியாகத் தெரியாது. விடிகாலையில் அவர்களைப் போடியில் ஏற்றிக்கொள்வான். வளைவு வளைவாக மலையேறி, போடிமெட்டுக்கு அப்பால் ஏலத்தோட்டங்களில் இறக்கிவிடுவான். சாயங்காலம் திரும்ப அழைத்து வருவான். கேட்டதற்குத் தலையசைப்பு, அவசரத்துக்கு ஹாரன். அவன் பேச்சு அவ்வளவுதான்.

அவனைத் தலைக்கனம் பிடித்தவன் என்று சொன்னவர்களும் உண்டு. உண்மையில் அவனுக்குத் திக்குவாய். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்கு 'உள்ளேன் ஐயா' சொல்வதற்குள் வகுப்பே சிரித்து முடித்திருக்கும். வாத்தியார் அடுத்த பெயருக்குப் போயிருப்பார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன், பேச்சையும் பெரும்பாலும் அங்கேயே விட்டுவிட்டு வந்தான்.

மகள் பவித்ராவுக்கு இரண்டரை வயதாகியும் ஒரு சொல் வரவில்லை. வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டுவாள். புரியாவிட்டால் தரையில் புரண்டு அழுவாள்.

"அப்பன அப்படியே உரிச்சு வச்சிருக்கு. தானாப் பேசும், விடு" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சுருளிக்கு நெஞ்சில் முள் தைத்தது போல இருக்கும். ஜீப்பைத் துடைக்கப் போய்விடுவான்.

அங்கன்வாடி டீச்சர் கருப்பம்மாள்தான் விடவில்லை. "பிள்ளை விவரமாத்தான் இருக்கா. ஆனாலும் தானா வரும்னு உக்காந்திருக்காதீங்க. மொதல்ல டாக்டர்கிட்ட காதக் காட்டுங்க" என்று பின்னாலேயே நின்றார். சோதித்ததில் காது நன்றாகவே கேட்டது. டாக்டர், பேச்சுப் பயிற்சி தருகிற முத்துப்பிரியாவிடம் அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமைதோறும் போடிக்கு வருகிற முத்துப்பிரியா, சின்ன அறையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். பவித்ரா பக்கம் பந்தை உருட்டிவிட்டபடியே வீட்டு நடப்பை விசாரித்தாள். சுருளியின் மனைவி பொன்னுமணி ஏலக்காய் சேமிக்கும் கிட்டங்கியில் தரம் பார்த்துக் காய் பொறுக்குகிறவள். எல்லாவற்றுக்கும் அவளே பதில் சொன்னாள். கடைசியில் சுருளி வாய் திறந்தான்.

"எ... எ... என்னால..." வழக்கம்போலப் பொன்னுமணி முடித்துவைக்கப் பார்த்தாள். முத்துப்பிரியா கையைக் காட்டி அவளை நிறுத்தினாள். சுருளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அவசரமே இல்லாதவள் போல உட்கார்ந்திருந்தாள்.

"என்னாலதான இவளுக்கு இப்படி ஆச்சு?"

"இல்லண்ணே. அந்தப் பாரத்த இங்கேயே எறக்கி வச்சுட்டுப் போங்க. ஆனா இவளுக்கு இனிமே பேச்சு நெறையக் காதுல விழணும். அதுக்கு நீங்க வேணும்."

"நான் தி... திக்கிறதக் கேட்டு இவளுக்கும் வந்துட்டா?"

"கேட்டெல்லாம் வராதுண்ணே. தாராளமாப் பேசுங்க."

செய்ய வேண்டியதை அவள் எளிதாகச் சொன்னாள். சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்து வைத்துவிட வேண்டும். 'சொல்லு, சொல்லு' என்று நச்சரிக்கக் கூடாது. குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் செய்கிற வேலையைச் சின்னச் சின்ன வார்த்தையில் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். "பிள்ளை எதப் பாக்குறாளோ அதுக்குப் பேரு சொல்லுங்க. சொல்லிட்டு நிறுத்தி, மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. அவ கண்ணால காட்டினாலும் சரி, கையால காட்டினாலும் சரி, அதுவும் பதில்தான்."

அந்த வாரமே வீட்டில் சண்டை வந்தது. நாளெல்லாம் குனிந்து காய் பொறுக்கிவிட்டு வந்த பொன்னுமணி, பால் டம்ளரை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பால்னு சொல்லு. சொன்னாத்தான் தருவேன்" என்று பிடிவாதமாக நின்றாள். பவித்ரா வீறிட்டு அழுதாள். சுருளி டம்ளரை வாங்கிப் பிள்ளையிடம் கொடுத்தான்.

"அவள வெரட்டாத. வெ... வெரட்ட வெரட்டத்தான் எனக்கு அடச்சுச்சு."

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவன் இதைப் பற்றிப் பேசியதே இல்லை. பொன்னுமணி மெல்ல அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, நீங்க சொல்லி முடிக்கட்டும்னு ஒருத்தர் கூடவா காத்திருக்கல?"

அவன் இல்லை என்று தலையாட்டினான். தானும்தான் காத்திருந்ததில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதன்பிறகு அவன் பேச்சை அவள் முடித்துவைக்கவில்லை.

மகளைக் குளிப்பாட்டுவது சுருளியின் சோலியாயிற்று. "தண்ணி. தலைல ஊத்து. கால்ல ஊத்து." திக்கினாலும் நிறுத்தவில்லை, கேட்கிறவள் சிரிக்கிறவள் இல்லை. ஊற்றுவதற்கு முன் சொம்பைத் தூக்கிப் பிடித்து மனசுக்குள் பத்து எண்ணுவான். முதலில் பவித்ரா சொம்பைப் பார்த்தாள். சில வாரம் கழித்துக் கையை நீட்டினாள். நாலாவது மாசம் ஒரு நாள், ஏழு எண்ணும்போது, உதட்டைக் குவித்து, "ஊ...த்து" என்றாள்.

சுருளி ஊற்றினான். "ஊத்து" என்றாள் மறுபடியும். அண்டா காலியாகிற வரைக்கும் ஊற்றினான். சத்தம் கேட்டு ஓடிவந்த பொன்னுமணி, நனைந்துபோய் நின்ற இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பால் யாரைத் துவட்டுவது என்று தெரியாமல் நின்றாள்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்துவிடவில்லை. ஐப்பசி மழையில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு, மூன்று செவ்வாய்க்கிழமை பயிற்சிக்குப் போக முடியவில்லை. வந்திருந்த ஐந்தாறு சொல்லும் நின்றுபோயிற்று. சுருளி பதறிப்போய் முத்துப்பிரியாவுக்குப் போன் போட்டான். போனில் பேசுவதென்றால் அவனுக்கு எமன். எதிர்முனையில் அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒடம்பு தேறட்டும்ணே. வந்தது எங்கேயும் போகாது. நீங்க பேசுறத மட்டும் விட்டுறாதீங்க" என்றாள். தை பிறப்பதற்குள் நின்ற சொற்கள் திரும்பி வந்தன, புதிதாகச் சிலவற்றையும் கூட்டிக்கொண்டு. 'ஜீப்பு' மட்டும் 'பீப்பு'தான்.

இப்போது பவித்ராவுக்கு ஐந்து வயது, யூகேஜி. 'ர' இன்னும் நாக்கில் நிற்கவில்லை. வேகமாகப் பேசினால் வெளியாட்களுக்குப் பாதிதான் விளங்கும். செவ்வாய்க்கிழமைப் பயிற்சி மட்டும் மாசம் ஒரு தடவையாகக் குறைந்திருக்கிறது.

சனிக்கிழமைகளில் அப்பாவோடு முன் சீட்டில் மலைக்கு ஏறுவாள். அவளுக்காகச் சுருளி வழியெல்லாம் பேசிக்கொண்டு போகிறான்: குரங்கு, லாரி, வளைவு, பலாக்காய். அவன் திக்கும் இடங்களில் பின்னாலிருக்கும் பெண்கள் காதில் விழாததுபோல் இருந்துவிடுவார்கள். போன வாரம் போடிமெட்டு நெருங்கும்போது மஞ்சு இறங்கிச் சாலையை மூடியது.

"அப்பா, மலை எங்க?"

"மஞ்சு மூ... மூடிருச்சு, ஆத்தா."

"மலைக்குக் குளிலுமா?"

பின்னாலிருந்து ஒருத்தி, "கேக்குறால்ல, பதில் சொல்லுண்ணே" என்றாள். சுருளி வண்டியை மெதுவாக்கி, விளக்கைப் போட்டான். மலைக்குக் குளிருமா என்று அவனிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. யோசித்துக்கொண்டிருந்தான். பவித்ரா அவசரப்படுத்தாமல் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.