வாசலில் இருந்த வாளி

மகள் பஸ்ஸிலேயே சட்டம் வாசிக்கத் தொடங்கிவிட்டாள். "அம்மா, மற்றப் பிள்ளையளின்ர கட்டிலில இருக்கக்கூடாது. அலுமாரியைத் திறக்கக்கூடாது. சத்தம் போட்டுக் கதைக்கக்கூடாது. ரூமுக்கெண்டு நாங்கள் நாலு பேரும் சேர்ந்து போட்ட சட்டம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் என்ன, காட்டிலயிருந்தே வாறன்?" என்று கேட்டேன். லீவுக்கு வந்தவள் யாழ்ப்பாணத்துக் கம்பஸ் விடுதிக்குத் திரும்பும்போது நானும் கூடப் போனேன். அவள் படுக்கிற இடத்தை ஒருக்கால் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், ஊரில், விடத்தல்தீவில், நிம்மதியாக நித்திரை கொள்வேன். வேறு ஆசை எனக்கில்லை.

வாளியைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் கடற்கரைச் சேறு காலோடு வீட்டுக்குள் வந்துவிடும். அதனால் வாசலுக்கு வாசல் ஒரு வாளி தண்ணீரும் அள்ளி ஊற்ற ஒரு தகரப் பேணியும் இருக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் காலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போவோம். கழுவாமல் ஏறினால்தான் வளர்ப்புச் சரியில்லை என்பார்கள். விடுதியில் மாடி ஏறிப் போனால், அறை வாசலில் சிவப்பு வாளி, நிறையத் தண்ணீர், பக்கத்தில் பேணி. மகள் உள்ளே போய், கட்டிலில் கிடந்த உடுப்புகளை அள்ளி ஒதுக்கிக்கொண்டிருந்தாள். பரவாயில்லையே, படிக்கிற பிள்ளைகளுக்கும் இந்த மரியாதை தெரிந்திருக்கிறதே என்று மெச்சிக்கொண்டு இரண்டு காலையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அதோடு விட்டேனா? செருப்பையும் கழுவினேன்.

"ஐயோ அம்மா! என்ன வேலை பார்த்தனீங்கள்?"

அந்த நேரம் பார்த்து வாளிக்காரி படியேறி வந்தாள். சிலாவத்துறைப் பிள்ளை, மகளுக்குப் பக்கத்துக் கட்டில். விடுதிக் குழாயில் காலையில் மட்டும்தான் தண்ணீர் வருமாம். தொழுகைக்கு முன் கை கால் கழுவவும் குளிக்கவும் என்று அவள் பிடித்து வைத்த தண்ணீர் அது. வாளியை எட்டிப் பார்த்தாள். "பரவாயில்லை அன்ரி" என்று சிரித்தாள். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகத் தண்ணீர் கேட்டுப் போனாள். மாதாவே, அவள் என்னை நாலு ஏச்சு ஏசியிருக்கலாம். மகள் என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

கொஞ்ச நாளில் அவள் போனில் சொன்னாள், அறையில் புதுச் சட்டமாம்: வீட்டாட்கள் மேலே வரக்கூடாது, கீழே கேற்றடியில்தான் நிற்க வேண்டும்.

அடுத்த மாதம் பொரித்த மீனோடு கேற்றடியில் நின்றேன். பக்கத்தில் நின்றது அந்தச் சிலாவத்துறைப் பிள்ளையின் உம்மா. நல்ல மனுசி, எனக்கு நிழலில் இடம் விட்டுத் தந்தா. மனக்குறையையும் சொன்னா.

"என்ட பிள்ளை படுக்கிற இடத்தை நான் இன்னும் கண்டதில்லை தங்கச்சி. ஆரோ ஒரு அறிவுகெட்டது வந்து, அவள் பிடிச்சு வச்ச தண்ணியில காலைக் கழுவிப்போட்டுப் போயிருக்கு. அதால இப்ப தாய்மார் எல்லாருக்கும் தடை."

என் நாக்கு என்ன செய்தது தெரியுமா? "ஓம் அக்கா, சில சனம் இப்பிடித்தான். நாலு இடம் பழகத் தெரியாததுகள்" என்று அவவிலும் பார்க்கச் சத்தமாக ஏசியது. ஏச ஏச எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. வெட்கங்கெட்ட கோபம்.

பிள்ளைகள் இரண்டு பேரும் இறங்கி வந்து பின்னால் நின்றதை நான் காணவில்லை. உம்மா தன் மகளைப் பிடித்துக்கொண்டா. "ஆரடி அது? ஆற்ற தாய்? சொல்லு."

அந்தப் பிள்ளை என்னை ஒருமுறை பார்த்தாள். "தெரியாது உம்மா. நான் வர முதல் அவ போயிட்டா."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. மீன் பெட்டியை மகளிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள்.

"அடுத்த மாசம் நீங்கள் வரவேண்டாம் அம்மா," என்றாள். "நான் ஊருக்கு வாறன்."