கெமராவுக்கு முன் ஒரு கட்டுக் கீரை

அடுத்தவர் வயிற்றுக்குள் என்ன போகிறது, அது எப்படி வெளியே வருகிறது என்று விசாரித்துச் சம்பளம் வாங்குவது என் தொழில். கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். நார்ச்சத்துள்ள சாப்பாடு குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும் என்பதுதான் நான் தினமும் ஓதும் மந்திரம். சொன்னதையே சொல்லித் தொண்டை வற்றியவர்கள் யாராவது இதை வாசித்தால், வாருங்கள், சேர்ந்து புலம்பலாம்.

சக்கை

குண்டசாலையில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து டீச்சருக்குத் தீராத மலச்சிக்கல். தினமும் வல்லாரை சாப்பிடச் சொன்னேன். அடுத்த முறை வந்தபோது ஒரு நாளும் தவறுவதில்லை என்றார். பூரித்துப்போய், எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். அரைத்து, துணியில் வடித்து, சாற்றை மட்டும் குடிக்கிறாராம். நார் முழுக்க அந்தச் சக்கையில்தானே இருக்கிறது என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னேன். அவர் அசரவில்லை.

"சக்கையை மாட்டுக்கெல்லோ பிள்ளை வைக்கிறது."

மூட்டை மூட்டையாக

அரிசிக் கடை ஹாஜியாருக்கும் அதே உபத்திரவம். தவிடு நீக்காத சிவப்பரிசிக்கு மாறுங்கள் என்றேன். கடையில் சிவப்பரிசி மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கிறதே, எங்கும் தேடிப் போக வேண்டாமே என்றும் சொன்னேன். அறியாப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அது விக்கிறதுக்கு, மகள்."

அண்ணனுக்கு வந்த நோய்

செல்வராஜ் புசல்லாவையில் ஓட்டோ ஓட்டுகிறவர். அவருடைய அண்ணன் குடல் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தவர். இப்போது இவருக்கும் மலத்தோடு ரத்தம் போகிறது. குடலுக்குள் கெமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்று சொன்ன டொக்டர், சாப்பாட்டு விஷயத்துக்காக என்னிடமும் அனுப்பினார்.

என் வாழ்நாளில் சொன்னதை அப்படியே செய்த மனிதர் இவர் ஒருவர்தான். கோதுமை மா ரொட்டி நின்றது. கீரையும் கௌபிப் பயறும் பிலாக்காயும் வந்தன. கெமராவுக்கு மட்டும் போகவில்லை. ரத்தம் நின்றதா என்றால் அதுவும் இல்லை. நார்ச்சத்து நோய் வரும் வாய்ப்பைத்தான் குறைக்கும், வந்துவிட்டதா இல்லையா என்று சொல்லாது என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. அவர் சிரித்தார்.

"அதான் நார்ச்சத்து சாப்புடுறேனே மிஸ், பொறகு எதுக்கு கெமரா?"

நல்ல ரிப்போர்ட்

கடைசியில் அவர் மனைவி லெட்சுமி ஓட்டோ சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, பரிசோதனைக்குத் திகதி எடுக்க வைத்தார். பரிசோதனைக்குச் சில நாட்கள் முன்பிருந்தே கீரை, பருப்பு, விதை எதையும் தொடக் கூடாது. குடல் சுத்தமாக இருந்தால்தான் கெமராவுக்கு எதுவும் தெரியும். தாதி இதைத் தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் செல்வராஜுக்கு நான் சொன்னதுதான் வேதவாக்கு. நல்ல ரிப்போர்ட் வரட்டும் என்று, பரிசோதனைக்கு முதல் நாள் கூடுதலாக ஒரு கட்டுக் கீரையைச் சாப்பிட்டுவிட்டு வந்து படுத்திருக்கிறார். டொக்டர் பாதியிலேயே நிறுத்திவிட்டு நேரே என் அறைக்கு வந்தார்.

"உங்க ஆள் உள்ளுக்கு மரக்கறித் தோட்டம் போட்டிருக்கார், மிஸ்."

வெள்ளைப் பாண்

இரண்டாவது திகதிக்கு முன்னால், பேக்கரி வெள்ளைப் பாணும் வெள்ளைச் சோறும் மட்டும் சாப்பிடுங்கள் என்று என் வாயாலேயே சொல்ல வேண்டி வந்தது. லெட்சுமி என்னை மேலும் கீழும் பார்த்தார். இந்த முறை கெமராவில் ஒரு சதை வளர்ச்சி தெரிந்தது; அப்போதே அகற்றிவிட்டார்கள். அது இன்னும் புற்றுநோயாகவில்லை, விட்டிருந்தால் ஆகியிருக்கலாம் என்று டொக்டர் சொன்னபோது லெட்சுமி அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது. பழையபடி கீரைக்குத் திரும்புங்கள், டொக்டர் சொல்லும்போது மறுபடி வந்து காட்டுங்கள் என்றேன். செல்வராஜ் ஓட்டோ சாவிக்காக லெட்சுமியிடம் கை நீட்டினார்.

"அதான் கெமரா பாத்துக்குதே மிஸ், இனி ரொட்டி சாப்புடலாந்தானே?"

சொல் கேட்காதவர்களோடு எப்படியாவது காலம் தள்ளிவிடலாம், கேட்டு நடக்கிறவர்களிடமிருந்துதான் ஆண்டவன் என்னைக் காப்பாற்ற வேண்டும்.