பால் இறங்காத வானம்

எங்கள் மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவர், அஸ்திவாரம் போடுகிறவர். அஸ்திவாரக் குழியை எங்கள் பக்கம் வானம் என்போம். குச்சனூரைச் சுற்றியுள்ள ஊர்களில் வாய்க்கால் ஓரத்து மண்ணை நம்ப முடியாது. மேலே வண்டல், கீழே களி, அதற்கும் கீழே பாறை எந்த ஆழத்தில் கிடக்கிறது என்பது தெருவுக்குத் தெரு மாறும். அதனால் வானம் தோண்ட அவரையும் அவருடைய தம்பியையும் கூப்பிடுவார்கள். கடப்பாரை கீழே விழும் சத்தத்தை வைத்து இருவரும் நிலத்தைச் சொல்வார்கள். அதற்கு மேல் ஒரு சோதனை உண்டு. பூஜை முடிந்ததும் குழியின் மூலையில் ஒரு செம்பு பாலை ஊற்றுவார்கள். உடனே உறிஞ்சினால் இன்னும் தோண்ட வேண்டும். பால் இறங்காமல் தேங்கி நின்றால் அடியில் பாறை இருக்கிறது, கல் வைக்கலாம்.

இருவரையும் ஒரு சாலை ஒப்பந்தக் கம்பெனி லடாக்கிற்குக் கூட்டிப் போனது. தொழிலாளர்கள் தங்க வரிசையாகக் கல் வீடுகள் கட்ட வேண்டும். மரமே இல்லாத உயரம். கோடையில் மட்டும்தான் கட்டட வேலை. போன புதிதில் தம்பி அனுப்பிய படங்களைத் தங்கை வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். ஒரு படத்தில் மலைச்சரிவில் கற்கள் தோசை மாவு வழிந்தது போல இறங்கி நின்றன. இன்னொன்றில் சமதரை முழுவதும் கற்கள் வட்டம் வட்டமாகக் கிடந்தன. ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் பொடி மண், ஓரத்தில் பெரிய கற்கள். யாரோ உட்கார்ந்து அடுக்கியது போல இருந்தது.

"எவனோ வேலவெட்டி இல்லாதவன் அடுக்கி வச்சிருக்கான், மச்சான்," என்று தம்பி வீடியோவில் என்னிடம் சொன்னான். "நமக்கு நல்லதாப் போச்சு. கல்லு தேடி அலைய வேண்டியதில்லை. இங்கனயே எடுத்து இங்கனயே வச்சிட்டோம்."

"சாமி கல்லா இருக்கப் போகுதுரா," என்றாள் என் தங்கை.

"சாமியே குளிருக்கு இறங்கிப் போயிருச்சு மதினி. இங்கன நாங்க மட்டுந்தேன்."

அவன் மனைவி சிரித்துக்கொண்டே போனைப் பிடுங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். இரண்டு குடும்பமும் ஒரே வாசல், உள்ளே இரண்டு பகுதி. தம்பிக்கு ஒரு மகள், மூன்றாம் வகுப்பு.

வானம் தோண்டியபோது எடுத்த வீடியோவும் வந்தது. மார்பளவு ஆழத்தில் கடப்பாரை துள்ளித் தெறிக்கிறது. தம்பி மூலையில் பால் ஊற்றுகிறான். பால் அப்படியே நிற்கிறது. கேமராவுக்கு வெளியே மாப்பிள்ளையின் குரல்: "போதும்டா, பாறை. கல்ல இறக்கு." அந்த வீடியோவைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினார்கள். நானும் அலுவலகத்தில் இரண்டு பேருக்குக் காட்டினேன்.

குளிர் தொடங்குமுன் மாப்பிள்ளை ஊர் திரும்பினார். உள்வேலை முடிக்கவும் காவலுக்கும் தம்பி அங்கே தங்கினான். அறையின் மூலையில் மண்ணெண்ணெய் அடுப்பு. அண்ணன் தினமும் போனில் சொன்ன ஒரே விஷயம், அதை அணைத்துவிடாதே என்பதுதான். "மண்ணெண்ண அவுக குடுக்குறாக. நீ எதுக்கு மிச்சம் பிடிக்கிற? ராப்பகலா எரியட்டும்."

குளிர்காலத்தின் நடுவில் தம்பி இரண்டு விஷயம் சொன்னான். கதவு சரியாகச் சாத்தவில்லை. அடுப்பு இருக்கும் மூலையில் சுவர் கீறியிருக்கிறது. அன்று நானும் அங்கே இருந்தேன். மாப்பிள்ளை கவலைப்படவில்லை. எங்கள் ஊரில் மழைக்காலத்தில் கட்டிய வீட்டில் கதவு பிடிக்கும், பூச்சு கீறும். ஈரம் காய்ந்தால் சரியாகிவிடும். அதைத்தான் தம்பிக்கும் சொன்னார்: "புதுச் சுவர்ல ஈரம் இருக்கும்டா. அந்த மூலைக்கு இன்னும் கொஞ்சம் சூடு காட்டு. காயட்டும்."

"சரிண்ணே. கட்டிலையும் அங்கனயே இழுத்துப் போட்டுக்கிறேன், கதகதப்பா இருக்கும்."

சில வாரங்களில் அந்த மூலைச் சுவர் கட்டிலின் மேல் விழுந்தது.

உடல் விமானத்தில் மதுரை வந்து, அங்கிருந்து ஆம்புலன்ஸில் ஊர் வந்தது. பூமி லேசாக ஆடியது என்று கம்பெனியின் ஆள் போனில் சொன்னார். அதை அவன் மனைவி அப்படியே எடுத்துக்கொண்டாள். துக்கம் கேட்க வந்தவர்களிடம், "பூமி ஆடுச்சாம். யாரு என்ன செய்ய முடியும்?" என்று ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லோரும் தலையாட்டினார்கள். மாப்பிள்ளை மட்டும் தலையாட்டவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பூமி ஆடுனா எல்லா வீடும்ல ஆடும்? ஒரு மூல மட்டும் எப்படி உக்காரும்? நீங்க பத்திரிகையில இருக்கீக. யாரையாச்சும் கேளுங்க மச்சான்."

பெரியகுளத்தில் ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர் ஒருவரை எனக்குத் தெரியும். படங்களையும் வீடியோவையும் எடுத்துக்கொண்டு போனேன். கல் வட்டங்களைப் பார்த்ததுமே அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அதை யாரும் அடுக்கவில்லை என்றார். நிலத்திலுள்ள நீர் உறைந்து வீங்கும்போது கற்களை மேலே தள்ளும், ஓரமாக ஒதுக்கும். உருகும்போது பொடி மண் நடுவில் தங்கும். பல நூறு குளிர்காலங்கள் சேர்ந்து வரைந்த வட்டம் அது. வழிந்த மாவு போல நின்ற கல்மேட்டுக்குள்ளும் பனிக்கட்டி இருக்கும். ஆண்டுக்குக் கொஞ்சமாக அது நகர்ந்துகொண்டே இருக்கும். அந்தத் தரையில் கோடைக்கு இளகுவது மேல்பகுதி மட்டும்தான். அதற்குக் கீழே மண்ணும் பனிக்கட்டியும் கலந்து எந்தக் காலத்திலும் உருகாமல் கிடக்கும். கடப்பாரைக்கு அது பாறைதான். பாலும் இறங்காது, ஏனென்றால் மண்ணின் துளையெல்லாம் ஐஸ் அடைத்திருக்கிறது.

"அதுக்கு மேல வீடு கட்டி அடுப்பு வச்சா?" என்று கேட்டேன்.

"சூடு கீழே இறங்கும். ஐஸ் உருகும். உருகினா அது சேறு," என்றார். "அந்த மாதிரி ஊர்கள்ல வீட்டைத் தூண் மேல தூக்கிக் கட்டுவாங்க. அடியில குளிர்காத்து ஓடணும். வீடு சூடா இருக்கலாம், தரை சூடாகக் கூடாது."

திரும்பி வந்து வாய்க்கால் பாலத்தில் உட்கார்ந்து மாப்பிள்ளையிடம் முழுவதையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் இரண்டே கேள்வி கேட்டார்.

"அடுப்பு எரியலைன்னா?"

"அந்தக் குளிர்காலம் முழுக்க நின்னிருக்கும்கிறார் வாத்தியார்."

"கீறல் வந்தப்ப அணைச்சிருந்தா?"

"அது தெரியாது."

எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். பிறகு, "தம்பி பொண்டாட்டிட்ட சொல்லணும்," என்றார்.

என் தங்கை சம்மதிக்கவில்லை. சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு அடிக்குரலில் பேசினாள். "அவ பூமி ஆடுச்சுன்னு மனசத் தேத்திக்கிட்டா. இப்பப் போயி நாந்தேன்னு சொல்லி யாருக்கு என்ன? அவ ஒரே வாசல்ல உங்களப் பாத்துக்கிட்டு எப்படி இருப்பா? பச்சப்புள்ளையத் தூக்கிட்டுப் போயிருவா. அண்ணே, நீயாச்சும் சொல்லுண்ணே."

எனக்கு இரண்டு பேர் சொல்வதிலும் தப்பு தெரியவில்லை.

"அவளே ஒருநா அந்தக் கீறலப் பத்திக் கேப்பா," என்றார் மாப்பிள்ளை. "அவன் அவகிட்டயும் சொல்லிருக்கான்ல. அன்னைக்கு நான் என்ன சொல்றது?"

மறுநாள் காலை, மகள் பள்ளிக்கூடம் போன பிறகு அவர் சொன்னார். முற்றத்தில் நின்றபடியே சொன்னார். தம்பி மனைவி வாசல்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பாறை என்று நினைத்தது ஐஸ் என்பதை, அடுப்பை எரியவிடச் சொன்னது தானே என்பதை, கீறலுக்குச் சூடு காட்டச் சொன்னதை, ஒன்றையும் விடாமல் வரிசையாகச் சொன்னார். ஒரு இடத்தில்கூடத் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லவில்லை. அவள் கை நிற்கவில்லை. தண்டை ஒரு பக்கமும் இலையை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டே இருந்தாள். அவர் முடித்த பிறகும் அந்தக் கட்டு தீரும்வரை ஆய்ந்தாள்.

"கட்டில அங்கன இழுத்துப் போடப் போறேன்னு என்கிட்டயும் சொன்னாக," என்றாள். "நல்லதுன்னு சொன்னேன்."

"நீ என்ன ஆத்தா செய்வ? நான் சொல்லித்தான..."

"கம்பெனிக்காரன் சொன்னதோட இருந்திருப்பேன் மாமா. சாகுற வரைக்கும் இருந்திருப்பேன்." அவள் குரல் உயரவில்லை. "நீங்க சொல்லிட்டுப் பாரத்த இறக்கி வச்சுட்டீக. நான் எங்கன போய் இறக்குறது?"

தங்கை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றாள். மாப்பிள்ளை முற்றத்தில் நின்றபடியே இருந்தார். அவள் கீரையைக் கழுவி, சமைத்து, இரண்டு வீட்டுக்கும் குழம்பு கொடுத்தாள். சண்டையில்லை. அந்த வாரமே மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து விலக்கிக்கொண்டு, லோயர் கேம்பில் இருக்கும் அப்பா வீட்டுக்குக் கிளம்பினாள்.

சின்னமனூர் பஸ் நிறுத்தம் வரை மாப்பிள்ளை பைகளைத் தூக்கி வந்தார். பைகளை அவர் தூக்குவதை அவள் தடுக்கவில்லை. குழந்தையின் கையை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டாள். பஸ் வந்ததும் மேலே ஏறி, ஜன்னல் ஓரத்தைக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, தான் இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். "ஆத்தா, பெரியப்பா வந்து பாக்குறேன்," என்று அவர் குழந்தையிடம் சொன்னார். குழந்தை அம்மாவின் முகத்தைப் பார்த்தது. அவள் டிக்கெட்டுக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தாள்.

போன மாதம் மாப்பிள்ளை குழந்தையைப் பார்க்கக் கிளம்பினார். குமுளி பஸ்ஸில் ஏறினார். லோயர் கேம்ப் வந்தது. மின்நிலையத்துக்கு முன்னால் பஸ் நின்றது, ஆட்கள் இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை. குமுளி வரை போய், அதே பஸ்ஸில் உட்கார்ந்து திரும்பி வந்துவிட்டார். குழந்தைக்கு வாங்கிய மிட்டாய்ப் பொட்டலத்தைத் தங்கையிடம் கொடுத்து, வீட்டில் யாருக்காவது கொடு என்றாராம்.