சாமிக்குப் பிறகுதான் சாமை

ஜவ்வாது மலை விவசாயிகளின் சங்கத்தில் வாட்ஸ்அப் ஆர்டர்களை எடுப்பது ஒரு ஏஐ ஏஜென்ட். அதற்கு வேலை சொல்லிக் கொடுப்பவள் நீலாவதி. முதலில் எல்லாவற்றையும் ஒரே குறிப்பில் கொட்டி வைத்தாள். சாமை கேட்டவரிடம் ஏஜென்ட், "கொட்டை எடுத்ததா, எடுக்காததாங்க?" என்று புளிக்கான கேள்வியைக் கேட்டது. எரிச்சலோடு எல்லாவற்றையும் பிரித்தாள். சாமைக்கு ஒரு ஸ்கில், அதாவது தனி வேலைக் குறிப்பு, புளிக்கு ஒன்று. ஒவ்வொன்றின் தலையிலும், அதை எப்போது திறக்க வேண்டும் என்று ஒரு வரி.

சாமிக்குப் படைக்காமல் புது தானியத்தை அவள் ஊரில் யாரும் விற்பதோ உண்பதோ இல்லை. மலை ஊர்க்காரர் யார் கேட்டாலும் படைத்தாயிற்றா என்று கேட்ட பிறகே அனுப்ப வேண்டும் என்று அதைத் தனி ஸ்கில்லாக எழுதினாள். சாமைக்கும் கேழ்வரகுக்கும் அதையே திறந்தால் போதும்.

இந்த வருடம் அறுப்பு முடிந்ததும் புதுச் சாமையின் வாசனை பொறுக்காமல் அவளே ஆர்டர் போட்டாள்.

"உங்க ஊர்ல சாமிக்குப் படைச்சாச்சாங்க?" என்றது ஏஜென்ட்.

"இல்ல. நான் சங்கத்து ஆளு, அனுப்பு."

"படைச்சதும் சொல்லுங்க, அனுப்புறேன்."

எட்டிப் பார்த்த கணவன் அர்ச்சுனன் சிரித்தான். "இன்னா, உனுக்கேவா?"

"நான் எழுதுனதாச்சே!" என்றாள், பழைய சாமையை உலையில் போட்டபடி.