பாடத்தில் மட்டும் இருக்கும் கையுறை

எங்கள் பனியன் கம்பெனியில் நான் எழுத்தாளன். கதை எழுதுபவன் என்று நினைத்துச் சிலர் மரியாதை கொடுத்தார்கள்; இயந்திரத்தை எப்படித் துடைப்பது என்று எழுதுபவன் எனத் தெரிந்ததும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

துணி வெட்டும் பிரிவில் ஒருவருக்கு விரல் நுனி போனது. அங்கே இயந்திரத்தில் பட்டைக் கத்தி பெல்ட் போல நிற்காமல் சுற்றும். துணி அடுக்கைக் கையால்தான் அதனருகே தள்ள வேண்டும். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, கணினியில் பார்த்துப் படிக்கிற மாதிரி ஒரு பாதுகாப்புப் பாடம் வேண்டும் என்றார்.

எனக்கு உற்சாகம் பொங்கியது. இந்த வயதில் அது ரத்த அழுத்தமாகவும் இருக்கலாம். இத்தகைய பாடம் எழுதுவோருக்கு இணையத்தில் எல்லாம் கொட்டிக் கிடக்கிறது: இலவச டெம்ப்ளேட்டுகள், இலவசப் படங்கள், குரல் கொடுக்கும் மென்பொருள், 'கற்பவரை அறிந்துகொள்ளுங்கள்' என்று தொடங்கும் கட்டுரைகள். எல்லாவற்றையும் சேமித்தேன். சேமித்ததே எழுதி முடித்த களைப்பைத் தந்தது. ஆனால் அந்தப் படங்களில் துணி வெட்டுகிறவர் யாருமில்லை. வெள்ளைக்காரப் பெண்கள் மஞ்சள் தொப்பியோடு எதையோ பார்த்துச் சிரித்தார்கள். கேமராவோடு வெட்டும் பிரிவுக்கே போனேன்.

'தவறான முறை' என்ற படத்துக்கு யாரையும் நடிக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் வெறுங்கை. 'சரியான முறை'க்குத்தான் ஏற்பாடு தேவைப்பட்டது. மேனேஜர் பீரோவைத் திறந்து இரும்பு வலைக் கையுறை ஒன்றை எடுத்து வந்தார். வெளிநாட்டிலிருந்து ஆடிட் வரும்போது மட்டும் வெளியே எழுந்தருளும் உற்சவமூர்த்தி அது.

மூலனூர்ப் பக்கத்திலிருந்து வேனில் வரும் கட்டிங் மாஸ்டர் அதை மாட்டிக்கொண்டு, விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தார்.

"நல்லா இருக்குதுங்க. சாயங்காலம் வரைக்கும் போட்டுக்கட்டுங்களா?"

"போட்டோ எடுத்தாச்சில்லீங்க? கழட்டுங்க. தொலைஞ்சா யாரு வாங்கறது?" என்றார் மேனேஜர்.

"ஏனுங்க மாப்ள, அதப் போட்டுட்டுப் பொண்ணு பாக்கப் போலாம்னு பாத்தீங்களாக்கும்?" என்றார் பக்கத்து மேசைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

பாடத்தின் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'கையுறை தராவிட்டால் இயந்திரத்தைத் தொடாதீர்கள்.' நான் எழுதியதிலேயே துணிச்சலான வாக்கியம். அதைப் படித்த மேனேஜர் மரியாதை குறையாமல் கேட்டார்.

"உங்களுக்கு எங்க மேல ஏதாச்சும் வருத்தமுங்களா?"

"இல்லீங்க. கிளவுஸ அவங்ககிட்டயே குடுத்துட்டா..."

"எப்படிப் போடோணும்னுதான் பாடத்துலயே இருக்குதுங்களே. படிச்சுட்டுப் பரீட்சைல பாஸ் பண்ணிட்டாங்கன்னா, இனி ஒண்ணு ஆனா நம்ம மேல தப்பில்லீங்க. அந்த வரிய மட்டும் எடுத்துருங்க."

எடுத்தேன். நீக்குவதற்குக் கட்டுரை எதுவும் படிக்கத் தேவையில்லை.

வெட்டும் பிரிவின் மூலையில் கணினியை வைத்துப் பரீட்சை நடத்தினோம். அதே கட்டிங் மாஸ்டர் உதடு அசைய ஒவ்வொரு கேள்வியாகப் படித்து, எல்லாவற்றுக்கும் சரியாக விடை அமுக்கினார். திரையில் வண்ணக் காகிதம் பறந்தது. அதுவும் இலவசமாகக் கிடைத்ததுதான்.

"முழு மார்க்குங்களா சார்?"

"ஆமாங்க, முழுசா."

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப இனிமே கிளவுஸ நம்ம கைக்கே குடுத்துருவாங்களாங்க?"

"கேட்டுப் பாக்கறேங்க" என்றேன். கேட்டாயிற்று என்று சொல்ல வாய் வரவில்லை.

அவர் எழுந்து தன் மேசைக்குப் போனார். கத்தியை ஓடவிட்டு, துணி அடுக்கை உள்ளங்கையால் அழுத்தித் தள்ளத் தொடங்கினார். அடுத்தவர் நாற்காலியில் உட்கார்ந்து, எங்கே அமுக்க வேண்டும் என்று கேட்டார். காட்டினேன்.